முடிக்காமல் விட்ட சண்டை

ஆறு வருடமாக நான் புல்லுக்குள் குந்திக்கொண்டிருக்கிறேன். எந்த நாட்டில் செய்த ஆக்‌ஷன் கேமாக இருந்தாலும் சரி, போட்ட கொஞ்ச நேரத்திலேயே நாயகன் இடுப்பளவு புல்லுக்குள் குனிந்துவிடுகிறான். காவல்காரன் ஒருவன் அசைந்து அசைந்து வருவான். வந்து, நேர்ந்துவிட்ட ஆடு மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். பின்னால் போய் வாயைப் பொத்த வேண்டும். அப்புறம் ஒரு கோபுரத்தில் ஏறி நாலு பக்கமும் பார்க்க வேண்டும். இறங்கினால் அடுத்த புல். இதைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல?

சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. கன்சோலுக்குப் புதிதாக வருகிற ஆக்‌ஷன் கேம்களை விளையாடிப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று தமிழில் பேசி இணையத்தில் வீடியோ போடுகிறேன். பகலில் தலவாக்கலையில் போன் திருத்துகிற கடை. வீடு லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா. போனைப் பிரித்துப் பிரித்து போன் வேலை வந்ததுபோல, பேசிப் பேசித்தான் இந்த வேலையும் வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் ஆள் இல்லாமல் போய்விட்டது.

'லயத்துல ரகசியம் பேசணும்னா மழ வரணும்' என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது புருஷன் பெண்டாட்டி மனம்விட்டுப் பேசிக்கொள்ளலாம். பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காது. என் பிழைப்பு அதற்குத் தலைகீழ். மழை நின்றால்தான் என்னால் மைக்கைத் திறக்க முடியும். ஆனி ஆடியில் அது எப்போது நிற்பது, நான் எப்போது பேசுவது! 'உங்க வீடியோவில் எப்பவும் ஒரு இரைச்சல் வருதே, அது கேமில் உள்ள சத்தமா?' என்று கனடாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அது எங்கள் கூரை என்று பதில் போட்டேன். சிரிப்புப் படம் அனுப்பினார்.

பக்கத்துக் காம்பராவில் என் மாமியார் இருக்கிறார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். கொழுந்து பறிக்கிறவர். நான் போட்ட கேமை முதன்முதலாகப் பார்த்தபோது, மலையிலிருந்து வந்த ஈரத்தோடு வாசலில் நின்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"இது என்னா காடு தம்பி? இம்புட்டு நேரமா குந்திக்கிட்டு இருக்கான், ஒரு அட்ட கடிக்கலியே?"

அதை அப்படியே வீடியோவில் சொன்னேன். அன்று வந்தவர்கள்தான் இன்றைக்கும் என் சேனலைப் பார்க்கிறார்கள். அதன் பிறகு எங்கள் தோட்டத்துப் பேச்சே விமர்சனத்துக்குள் வந்துவிட்டது. ஆங்காங்கே வழிமறிக்கிற நடுத்தர எதிரி கங்காணி. அவனுக்கு மேலே, கங்காணிகளை மேய்க்கிற கண்டாக்கு. எல்லாருக்கும் கடைசியில், உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற உயிர்க்கோடு திரை முழுக்க நீண்டு கிடக்க வந்து நிற்கிறவன், தோட்டத்து மேனேஜர் மாதிரி, பெரிய தொரை.

என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, அத்தையோடு அந்தப் பக்கத்துக் காம்பராவில்தான் இருந்தான். முப்பதைத் தொட்டவன். இரண்டு பேர் சேர்ந்து விளையாடுகிற கேம் வந்தால் இரண்டாவது கன்ட்ரோலர் அவனுடையது. வீடியோவில் வருவது என் குரல் மட்டும்தான். கஷ்டமான சண்டைகளில் கை பெரும்பாலும் அவனுடையது. நான் பேசுகிறவன். பேசுகிறவனுக்கு விரல் மெதுவாகத்தான் ஓடும்.

தோட்டத்தில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: அரைக்கவ்வாத்து. தேயிலைச் செடியை வருடங்களுக்கு ஒரு முறை கத்தியால் ஒட்ட வெட்டிவிடுகிற வேலைதான் கவ்வாத்து. தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்த புதிதில் அவனை அதற்கு விட்டிருக்கிறார்கள். பாதி நிரையை வெட்டிவிட்டு, காய்ச்சல் என்று வந்தவன் திரும்பிப் போகவில்லை. பாதி மொட்டை, பாதி பச்சை. அந்த நிரை துளிர்க்கும்வரை போகிற வருகிறவர்களெல்லாம் பார்த்தார்கள். பெயர் நின்றுவிட்டது. பிறகு அவன் செய்தவையும் அந்தப் பெயருக்குத் துணை போயின. கொழும்பில் புடவைக் கடை வேலை, பாதியில் வந்துவிட்டான். டிரைவிங் பழகினான், லைசன்ஸ் எடுக்கவில்லை. லயத்துக்குக் கீழே தனி வீட்டுக்கு என்று போட்ட அத்திவாரத்தில், சீமெந்து விலை ஏறியதோடு வேலை நின்று, இப்போது மானாப்புல் நிற்கிறது. அதில் அவன் குற்றம் எவ்வளவு, நாட்டின் குற்றம் எவ்வளவு என்று யார் கணக்குப் பார்க்கிறார்கள்? புல்லைப் பார்க்கிறார்கள், அவனைப் பார்க்கிறார்கள்.

அவனுக்குக் கட்டாரில் வேலைக்கு விசா வந்த வாரத்தில்தான் அந்தக் கேமும் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு நண்பர் டிஸ்க்கை ஹட்டன் பஸ்ஸில் போட்டுவிட்டிருந்தார். தனியாளாக விளையாடவே முடியாத கேம். இரண்டு பேரை ஒரே கயிற்றில் கட்டி ஒரு பனிமலையின் அடியில் விட்டுவிடுகிறார்கள். உச்சியில் ஒரு கோட்டை, கோட்டையில் பெரிய தொரை. ஒருவன் வழுக்கினால் மற்றவன் கோடரியைப் பாறையில் குத்திக்கொண்டு பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கத் தவறினால் இரண்டு பேரும் காலி.

முதல் நாள் ஒரு மணி நேரம் விளையாடியதும் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுச் சொன்னான்.

"மச்சான், இத முடிச்சிட்டுத்தான் நான் பிளேன் ஏறுவேன்."

"அடுத்த வெள்ளிக்கெழம பிளேன். இது நீளமான கேம் மாப்புள."

"நீளமா இருக்கட்டும். அந்த அரைக்கவ்வாத்துப் பேர இங்கயே பொதச்சிட்டுப் போறேன். கடைசிச் சண்டைய நீங்க வீடியோவில போடுங்க. ரெண்டாவது ஆளு யாருன்னு என் பேரச் சொல்லுங்க. ஒன்னயாவது முடிச்சான்னு லயமே பாக்கட்டும்."

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்கோ அந்த மாதம் கேம் என்றாலே கொட்டாவி வந்தது. கடையில் நாள் முழுக்கக் குனிந்து சின்னச் சின்னத் திருகாணிகளைப் பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் திரையைப் பார்க்கக் கண் கெஞ்சியது. கட்டை விரலின் அடி மூட்டில் ஒரு வலி நிரந்தரமாகக் குடிவந்திருந்தது. இருந்தாலும் சரி என்றேன். கேம் வெளிவந்த வாரத்தில் விமர்சனம் போட்டால்தான் பார்க்க ஆள் இருக்கும். எனக்கும் முடித்தாக வேண்டும். முடிக்காத கேமைப் பற்றி நான் பேசுவதில்லை. அது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

ஆனால் பயணம் போகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் நேரம் ஏது? கடல் தாண்டிப் போகிறவன் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் 'பயணம் சொல்ல' வேண்டும். ஒரு வீட்டை விட்டால் போதும், பத்து வருடத்துக்குப் பேச்சு. போகிற வீட்டில் சும்மா விடுவார்களா? கந்தப்பளையில் கோழி, டயகமவில் கோழி, அக்கரப்பத்தனையில் ஆட்டு ஈரல். துணைக்கு நானும் போனேன். கந்தப்பளைப் பெரியம்மா வீட்டில் அவன் இலையில் மூன்றாவது தடவை சோறு விழுந்தபோது கையால் மறைத்தான்.

"போதும் பெரியம்மா, கட்டார்லயும் சோறு இருக்கு."

"இருக்கும்டா, யாரு இல்லேன்னா? போட ஆளு இருக்கா?"

அவன் கையை எடுத்தான். தின்றான். பெரியப்பா வாசலில் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அரைக்கவ்வாத்து கட்டார் போகுதாம். பாதிக் கடல்ல எறங்கிறாம பாத்துக்கங்கப்பா" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவனும்தான் சிரித்தான். லிந்துலைக்குத் திரும்ப பஸ் ஏறினோம். இறங்கியதும், "இன்னைக்கு அந்த ஐஸ் பாலத்தத் தாண்டிறணும் மச்சான்" என்றான்.

தாண்டினோம். விருந்துக்கும் வேலைக்கும் நடுவில் கிடைத்த நேரத்திலெல்லாம் ஏறினோம். நான் கடைக்குப் போகுமுன் கொஞ்சம், வந்து முகம் கழுவியதும் கொஞ்சம். எனக்கு அலுப்பில் தப்புத் தப்பாகக் கால் வழுக்கியது. அவன் ஒவ்வொரு தடவையும் கோடரியைக் குத்திப் பிடித்தான்.

"என்னா மச்சான், நெசமாவே தூங்கிட்டீங்களா? கயித்துல தொங்கிக்கிட்டுத் தூங்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்."

"நீ இருக்கியேன்னு தைரியம்."

"இன்னும் அஞ்சு நாளைக்குத்தான் அந்தத் தைரியம்."

அந்த வாரத்தில் வேறு ஒன்றையும் கவனித்தேன். பக்கத்துக் காம்பராவில் ஒரு வேலையும் முடியவில்லை. அத்தை சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டார். விறகு பாதி பிளந்து கிடந்தது, கோடரி கட்டையிலேயே நின்றது. மகனின் பழைய சட்டைக்குப் பித்தான் தைக்க உட்கார்ந்தவர், ஊசியும் நூலும் தொங்க அதை ஆணியில் மாட்டிவிட்டார். களைப்பாக இருக்கும் என்று நினைத்து, விடுமுறை நாளில் நான் போய்ச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கினேன்.

"வச்சிருங்க தம்பி. அது அப்புடியே கெடக்கட்டும்."

"பாதிச் செவுரு அசிங்கமா இருக்கே அத்த."

"இருக்கட்டும். பயணம் போறவன் வீட்ல எல்லா வேலையும் முடியக்கூடாது. பாதி வேல கெடந்தாத்தான் போன காலு திரும்பும்."

இதை நான் வேறு வாயிலும் கேட்டிருக்கிறேன். இப்படிப்பட்ட சொல் கிடைத்தால் பத்திரப்படுத்திக்கொள்கிற ஆள்தான் நான். அன்றும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே கேட்டேன். அத்தை சிரிக்கவில்லை. வாளியை என் கையிலிருந்து வாங்கி மூலையில் வைத்துவிட்டு, தன் புருஷனைப் பற்றிச் சொன்னார். என் மாமனார், நான் கல்யாணம் செய்யுமுன்பே போனவர். நெஞ்சு வலி என்று கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது, வீட்டில் ஒரு குறை வைக்காமல் போனாராம்.

"கூர ஓட்டைய அடச்சாரு. ஒரு மாசத்துக்கு வெறகப் பொளந்து அடுக்குனாரு. கோழிக்கூட்டுக்குக் கதவு போட்டாரு. எல்லாத்தையும் முடிச்சிட்டேன்டி, இனி ஒனக்கு ஒரு கவல இல்லேன்னாரு. பொட்டியிலதான் வந்தாரு தம்பி."

இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவரைத் தட்டிக் காட்டினார்.

"செவுத்துப் பக்கம் படுத்தா ஒங்க பேச்சுக் கேக்குது. முடிக்கணும் முடிக்கணும்னு ரெண்டு பேரும் பேசிக்கிறீங்க. அது விளையாட்டோ என்னமோ, எனக்குத் தெரியாது. அவன் இத்தன வருசத்துல ஒன்னயும் முடிச்சதில்ல. அதான் இன்னும் என் கண்ணு முன்னால இருக்கான்னு நெனச்சுக்குவேன். இத முடிக்க விட்றாதீங்க."

மகனிடமும் சொல்லியிருக்கிறார். அவன் சத்தம் போட்டது எங்கள் சுவர் வழியாகக் கேட்டது. "ஊரே பாதியில விட்டவன்னு சொல்லுது. நீயுமா பாதியில விடச் சொல்ற?" அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, மீதி கேட்கவில்லை.

எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பிக்கை இல்லாதவன் தலையில்தான் இந்த மாதிரிப் பாரங்கள் வந்து உட்காரும். முடித்தால் அத்தை தூங்கமாட்டார். முடிக்காவிட்டால் மச்சினன் அந்தப் பட்டப்பெயரைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போவான். இரண்டு நாள் மனைவியிடம் கேட்டேன். "அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவுல நான் வரமாட்டேன்ப்பா. நீங்களா இழுத்துக்கிட்டது" என்று சொல்லிவிட்டுக் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் வேன் வர வேண்டும். காலையிலேயே கடையைப் பூட்டி வைத்துவிட்டு நான் வீட்டில் இருந்தேன். அவன் குளித்து, பயணத்துக்கு வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, திருநீறு நெற்றியோடு வந்து பாயில் உட்கார்ந்தான். கோட்டை வாசலில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம்.

பெரிய தொரையை அந்தக் கேமில் நன்றாகத்தான் செய்திருந்தார்கள். அலுத்துப்போன எனக்கே நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. பனிக்குள்ளிருந்து சத்தமில்லாமல் வருகிறான். அவனை அடிக்க ஒருவன் கயிற்றில் ஊஞ்சலாடிப் போக வேண்டும். மற்றவன் அசையாமல் பிடிக்க வேண்டும். முதல் தடவை விழுந்தோம். இரண்டாவது தடவையும் விழுந்தோம். மூன்றாவது தடவை நான் பிடிக்க, அவன் பாய்ந்து பாய்ந்து அடித்தான். உயிர்க்கோடு குறைந்துகொண்டே வந்தது. நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

அத்தை எப்போது வந்தார் என்று தெரியாது. வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அன்று காலை வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. அந்த அப்பாவி மனுஷி திரையைப் பார்த்தார், எங்கள் கைகளைப் பார்த்தார். உயிர்க்கோடு என்றால் என்னவென்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. குறைகிற ஒன்றைப் பார்த்தால் புரியாதா? நுனியில் ஒரு நகத்தளவு மிச்சம் இருந்தபோது, மழைக்கு மேலாகக் கேட்கிற குரலில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, நீங்களாவது தோத்துருங்க."

மச்சினன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தான். "மச்சான் தோக்குறதுக்கு நீ சொல்லவா வேணும்?" என்றான். இன்னொரு தடவை பாய்ந்தான். கோடு இன்னும் குறைந்தது. இன்னும் ஒரு அடிதான்.

அத்தை முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். சத்தம் வரவில்லை. அவன் பார்த்துவிட்டான். கட்டை விரல் நின்றது. கன்ட்ரோலரை, முட்டை வைப்பது மாதிரி மெதுவாகப் பாயில் வைத்தான்.

திரையில் அவனுடைய ஆள் கயிற்றில் சும்மா தொங்கினான். நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். பெரிய தொரை பொறுமையாக நடந்து வந்து இரண்டு பேரையும் சேர்த்துத் தள்ளிவிட்டான்.

"சோறு போடும்மா" என்றான் அவன். "வேன் வந்துரும்."

அவன் தின்கிறவரை அத்தை பக்கத்தில் நின்றார். நான் கன்சோலை அணைத்தேன். அதுவரை திரை, மறுபடி முயல்கிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தது. வேனில் ஏறுமுன் என் காதருகில், "நான் இல்லாம அந்தப் பெரிய தொரையத் தொட்றாதீங்க" என்று மட்டும் சொன்னான். லயத்துக்காரர்கள் கை காட்டினார்கள். யாரோ அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவனும் கை காட்டினான்.

விமர்சனத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் மைக்கின் முன் உட்கார்ந்தேன். கேம் அருமை, கயிறு அருமை, பனி நிஜப் பனி மாதிரி இருக்கிறது என்றேன். கடைசிச் சண்டையை முடிக்கவில்லை, இப்போதைக்கு முடிக்கப்போவதும் இல்லை என்றேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் அத்தையைப் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டாவது ஆள் யார் என்று மட்டும் அவன் பெயரைச் சொன்னேன். கீழே எழுதினார்கள்: 'விளையாடத் தெரியாதவனெல்லாம் விமர்சகன்.' 'இவ்வளவு தூரம் போய் முடிக்கத் தெரியலையா அண்ணே?' ஹட்டனில் இருக்கிற ஒரு பழக்கக்காரர் போன் எடுத்து, "நான் வாறேன், ஒரு மணி நேரத்துல முடிச்சிருவோம். மானம் போகுது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். தலைவலி என்று சொல்லி போனை வைத்தேன். அது பொய்யும் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கேம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் தனியாகவே முடித்தேன். எல்லாவற்றிலும் பெரிய தொரை செத்தான். பேசினேன், போட்டேன், அடுத்ததை எடுத்தேன். இரண்டாம் நாளே எது எந்தக் கேம் என்று எனக்கே குழம்பிப்போகிறது.

மச்சினன் வெள்ளிக்கிழமைகளில் பேசுவான். பண்டகசாலை வேலை, பெட்டி ஏற்றுவது, இறக்குவது. விடமாட்டேன், ரெண்டு வருச வேலைக் கொந்தராத்த முழுசா முடிச்சிட்டுத்தான் வருவேன் என்கிறான். அத்தைக்கு அது சரியா தப்பா என்று தெரியவில்லை; முகத்தைப் பார்த்தால் கணக்குப் போடுவது தெரிகிறது. போன வெள்ளிக்கிழமை அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

"மச்சான், நேத்து ஒரு பெரிய கடைக்குப் போனோம். செவுரு அளவுக்கு டிவி. நம்ம கேமத்தான் போட்டு வச்சிருக்கான். ரெண்டு பேரு நின்னு விளையாடுறானுங்க. பெரிய தொரைகிட்ட வந்துட்டானுங்க."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வெளிய வந்துட்டேன். கூட வந்தவன் கேக்குறான், என்னடா பேயக் கண்டியான்னு." அதே மூச்சில், "நீங்க பாத்தீங்களா? இன்டர்நெட்ல தட்டுனா வந்துருமே" என்றான்.

"பாக்கல."

"நெசமா?"

"நெசமாத்தான் மாப்புள."

அந்தப் பக்கம் யாரோ அவன் அறையில் ஹிந்தியில் ஏதோ கத்தினார்கள்.

"வேற யாரு கூடயும் கயித்தக் கட்டிக்கிட்டு ஏறிறாதீங்க" என்றான்.

நான் பதில் சொல்லுமுன் அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டார்.